இட்லிப்பூ வேலி மஞ்சளடித்தால் யூரியாவைத் தேடாதீர்கள்

கோவையில் தோட்டப் பராமரிப்பு செய்யும் எனக்கு அதிகம் வரும் புகார் இட்லிப்பூ வேலி பற்றியதுதான். வைத்த முதல் வருஷம் பச்சைப்பசேலென்று நிற்கும். அப்புறம் மெல்ல வெளுக்கத் தொடங்கும்.

போன மாதம் போன வீட்டிலும் அதே கதை. காம்பவுண்டு சுவரை ஒட்டி நாற்பதடி வேலி. "தண்ணி பத்தலையோன்னு ரெண்டு நேரமும் ஊத்தறனுங்க, யூரியாவும் போட்டாச்சுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. போட்டும் வெளுப்பு கூடியிருந்ததே தவிர குறையவில்லை.

மஞ்சளைப் பார்த்ததும் செடிக்குப் பசி என்று நினைத்துவிடுகிறோம். முதலில் மஞ்சளானது எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள முற்றிய இலைகள் முழுதாக வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. அதற்கு யூரியா சரி. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் சேர்ந்த இரும்பைச் செடியால் எளிதில் கொழுந்துக்கு நகர்த்த முடியாது. அதனால்தான் கொழுந்து முதலில் காட்டிக்கொடுக்கிறது.

இங்கே கொழுந்துதான். மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. இட்லிப்பூ கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்ணில் செழிக்கும் செடி. எங்கள் ஊர்ப் பக்கம் பல இடங்களில் சுண்ணாம்பு மண், போர் தண்ணீரும் கடினநீர். போதாததற்கு, வீடு கட்டியபோது உதிர்ந்த சிமெண்டுக் காரை சுவரோரமாகப் புதைந்து கிடந்தது. ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுக் காட்டினேன். சோடா போல நுரைத்தது, சுண்ணாம்பு இருப்பதற்கு அதுதான் அடையாளம். இப்படிப்பட்ட மண்ணில் இரும்பு கரையாமல் இறுகிவிடும், வேரால் எடுக்க முடியாது. அம்மா இரண்டு நேரமும் ஊற்றியது தண்ணீரை மட்டுமல்ல, கூடவே சுண்ணாம்பையும்.

உடனடி மருந்து அன்னபேதி, உரக்கடையில் பெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம். வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தரையில் பட்டால் துருக்கறை. ஒரு வீட்டு போர்டிகோவைக் கெடுத்து நானே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் முடக்கிவிடும். மண்ணுக்கென்றால், சுண்ணாம்பிலும் முடங்காத ஈடிடிஹெச்ஏ (EDDHA) இரும்பு உரம் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான். இரும்பு கிடைக்கும் என்று ஆணி புதைப்பதெல்லாம் வீண் வேலை.

காரையைத் தோண்டி எடுத்து மட்கிய இலையுரம் போட்டோம். இனி விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். தொட்டியில் மழைநீர் இருக்கும்வரை அதுதான். மொட்டையாக வெட்டிவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். நலிந்த செடிக்கு இருக்கிற இலைதான் சோறு. காய்ந்த குச்சிகளை மட்டும் கழித்தோம்.

மூன்று வாரத்தில் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. குழாயடியில் நின்ற இரண்டு செடிகளுக்கு மட்டும் வேர் அழுகிப் போயிருந்தது. அந்த இடத்தில் கல்வாழை வைக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்கு ஈரம் பிடிக்கும்.