முழங்கால் ஆழத்தில் பெர்மிட் மீன்

கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பிடிப்புக் கரையில், தண்ணீர் உள்வாங்கிச் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்த ஒரு கோடைக் காலையில், தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரின் அருகில் நின்று வேடிக்கை பார்த்தேன். மூங்கில் கழி, அதன் நுனியில் கட்டிய நரம்பு, மயிலிறகுத் தண்டை நறுக்கிச் செய்த தக்கை, அதற்குக் கீழே மிளகளவு ஈயம், முள்ளில் மண்புழு. அவருடைய கருவிகள் அவ்வளவுதான். தக்கை வெகுநேரம் அசையவில்லை. அவர் என் பக்கம் திரும்பாமலே, "குந்திக்கோ தம்பி, நீ நிக்கிறது மீனுக்குத் தெரியும்" என்றார். நான் குந்தியதும் மீன் மாட்டியது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அன்று அவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்பினார். ஆனால் அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. உட்கார்ந்தவனை விட நிற்பவன் மீனின் கண்ணுக்கு எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிவான் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

அந்தக் கணக்கு வாழ்வா சாவா என்று ஆகிவிடும் ஒரு மீன்பிடி முறை, நமக்கு உலகின் மறுபக்கத்தில், ஃபுளோரிடா கீஸ் தீவுகளிலும் பெலீஸ், கியூபா, மெக்சிகோவின் யுகட்டான் கரைகளிலும் நடக்கிறது. அங்கே தேடப்படும் மீனின் பெயர் பெர்மிட். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்தவர்களுக்குப் பெர்மிட் என்றால் லாரிதான் நினைவுக்கு வரும். இந்தப் பெர்மிட்டோ நாம் பாறை என்று வாங்கிச் சமைக்கும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் இதற்கு இட்ட சிற்றினப் பெயர் ஃபால்காட்டஸ். அரிவாள் போல் வளைந்தது என்று பொருள். முதுகுத் துடுப்பையும் வாலையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. மசாசூசெட்ஸ் முதல் பிரேசில் வரையிலான மேற்கு அட்லாண்டிக் கரையோரம் இது வாழ்கிறது. தூண்டிலில் பிடிபட்டவற்றுள் மிகப் பெரியதாகப் பதிவானது 2002இல் பிரேசிலில் கிடைத்தது. அதன் எடை சுமார் 27 கிலோ.

இவ்வளவு பெரிய மீன் முழங்கால் முதல் இடுப்பு வரையிலான ஆழமே உள்ள தண்ணீருக்குள் வருவதுதான் இதில் வியப்பு. மணலும் கடற்புல்லும் பரந்த அந்தச் சமதளத் திட்டுகளில் நண்டு, இறால், சிப்பி, கடல் முள்ளெலி எல்லாம் மிகுதி. ஆனால் கடல் வற்றும்போது அங்கே பெர்மிட்டின் முதுகு மூழ்கும் அளவுக்குக் கூடத் தண்ணீர் நிற்காது. ஆகவே அது கடல் ஏறும்போது உள்ளே வந்து மேய்ந்து, இறங்கும்போது ஆழத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர் காலையில் எழுந்ததும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று விசாரிப்பதைப் போல, கீஸ் தீவுகளின் படகோட்டி, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்கிறார். காவிரியின் நீர்வரத்து மழையையும் அணைகளையும் மனிதர்களின் வழக்குகளையும் பொறுத்தது என்பதால் அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடலின் ஏற்றமோ நிலவையும் சூரியனையும் பொறுத்தது என்பதால் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்து அச்சிட்டுவிடலாம். அங்கே ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்வதால், மீன் வரும் நேரமும் நாளுக்கு நாள் 50 நிமிட அளவில் தள்ளிப்போகிறது.

இனி முதியவரின் கணக்குக்கு வருவோம். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே தெரியும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைவதே இதற்குக் காரணம். அடிவானத்திலிருந்து கிடைமட்டமாக வரும் ஒளிகூட நீருக்குள் நுழைந்ததும் செங்குத்துக் கோட்டுக்கு 48.6 பாகைக்குள் வளைந்துவிடுகிறது. ஆகவே மீனின் கண் அரை மீட்டர் ஆழத்தில் இருந்தால், நீர்ப்பரப்பில் 1.1 மீட்டருக்குச் சற்றே மிகுந்த விட்டமுள்ள வட்டம் ஒன்றுதான் அதற்குச் சன்னல். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போலாகிக் கடலடி மணலையே திருப்பிக் காட்டும்.

வானம் முழுவதும் இந்தச் சன்னலுக்குள் நெருக்கி அடைக்கப்பட்டாலும், நெருக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஓரத்தில்தான் மிக அதிகம். அடிவானத்துக்கு மேலுள்ள முதல் 10 பாகை, மீனின் பார்வையில் சுமார் 1 பாகையாக நசுங்கிவிடுகிறது. நீர்மட்டத்திலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குந்தியிருக்கும் ஒருவர் 5 மீட்டர் தொலைவில் இருந்தால், அவர் முழுவதும் இந்த 1 பாகைக் கீற்றுக்குள் ஒளிந்துகொள்வார். அவரே எழுந்து நின்றால் 3 பாகைக்கு மேல் பரவிவிடுவார். இத்தனை தாழ்ந்த கோணத்தில் வரும் ஒளியில் கணிசமான பகுதி நீர்ப்பரப்பிலேயே தெறித்துத் திரும்பிவிடுவதால், ஓரத்தில் இருக்கும் உருவம் மங்கலாகவும் அலைகளால் சிதறுண்டும் தெரிகிறது. 15 மீட்டர் தொலைவுக்குப் போய்விட்டாலோ, இரண்டரை மீட்டர் உயரம் வரையுள்ள எதுவும் அந்த 1 பாகைக்குள் அடங்கிவிடும். பெர்மிட் பிடிப்பவர்கள் 15, 20 மீட்டர் தொலைவிலிருந்து எறியப் பழகுவது இதனால்தான். மீனைத் தேடுவதற்காகப் படகின் உயர்ந்த மேடையில் ஏறி நின்றவர், அது நெருங்கி வந்ததும் குந்திவிடுவதும், சில வேளை மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடுவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும்.

பேசக் கூடாது என்றும் நம் பக்கத்துத் தூண்டில்காரர்கள் சொல்வதுண்டு. அதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. காற்றிலுள்ள ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நீருக்குள் புகுகிறது. மீதி பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. ஆனால் படகுப் பலகையில் குதிகால் தட்டினாலும், பரிசலின் விளிம்பில் துடுப்பு இடித்தாலும், அந்த அதிர்வு காற்றின் உதவியில்லாமல் நேராக நீருக்குள் இறங்கி, நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் பரவுகிறது. உள்காதால் அதைக் கேட்பதோடு, உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பிலுள்ள நுண்மயிர்ச் செல்களாலும், தன் உடல் நீளத்தைப் போல் ஒன்றிரண்டு மடங்குத் தொலைவுக்குள் தண்ணீர் தள்ளப்படுவதை மீன் உணர்கிறது. பேச்சை அடக்குவதைக் காட்டிலும் காலை அடக்குவது முக்கியம்.

மீனுக்கு நாம் தெரியாமல் இருப்பது ஒருபுறம் இருக்க, நமக்கு அது தெரிய வேண்டுமே. பெர்மிட்டின் வெள்ளிச் செதில்களுக்கு அடியில் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவை செங்குத்தான கண்ணாடிகளைப் போலச் சுற்றிலுமுள்ள நீரின் நிறத்தையே திருப்பிக் காட்டுவதால், மீன் இருக்கும் இடம் வெறும் தண்ணீராகவே தோன்றும். அனுபவம் உள்ளவர்கள் மீனைத் தேடுவதில்லை. மணலில் நகரும் அதன் நிழலைத் தேடுகிறார்கள். நீர்ப்பரப்பில் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தில் கிடைமட்டமாக அதிரும் ஒளியே மிகுதி என்பதால், அந்தத் திசை ஒளியை மட்டும் தடுக்கும் போலராய்டு கண்ணாடி அணிந்தால் பரப்பு விலகியது போல அடிமணல் தெரியும். இதைவிட எளிதான அடையாளமும் உண்டு. கீழ்நோக்கி அமைந்த வாயால் மணலைக் கிளறி நண்டைப் பிடிக்கப் பெர்மிட் தலைகீழாகச் சாயும்போது, ஆழம் போதாமல் அதன் கரிய அரிவாள் வால் தண்ணீருக்கு மேலே எழுந்து ஆடும்.

வாலைக் கண்டவுடன் எறிய வேண்டும். இங்கேதான் முதியவரின் முறையும் இவர்களுடைய முறையும் பிரிகின்றன. நம் தூண்டிலில் ஈயம் பறந்து செல்கிறது. எடையே இல்லாத நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. பெர்மிட்டின் அருகே ஈயக்குண்டு 'தொபுக்'கென்று விழுந்தால் மீன் அப்பொழுதே ஓடிவிடும். ஆகவே எடையை இரையிலிருந்து எடுத்துக் கயிற்றில் வைத்துவிட்டார்கள். ஃப்ளை ஃபிஷிங் என்னும் ஈத்தூண்டிலின் சூட்சுமம் முழுவதும் இதுதான். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனுக்கு இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயை எறிந்த அதே முறை, இங்கே பொய் நண்டை எறியப் பயன்படுகிறது. நண்டானாலும் அதற்கு ஈ என்றே பெயர்.

பெர்மிட்டுக்குப் பெரும்பாலும் எடையைக் குறிக்கும் எண்களில் 9 அல்லது 10ஆம் எண் கயிறு பயன்படும். 10ஆம் எண் கயிற்றின் முதல் 9 மீட்டர் சுமார் 18 கிராம் எடை கொண்டது. பொய் நண்டின் எடையோ ஓரிரு கிராம்தான். ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளமுள்ள கார்பன் இழைக் கழியால் கயிற்றை முதலில் பின்பக்கம் வீசி, அது காற்றில் முழுவதும் நீண்டபின் முன்னோக்கி விரைவாகத் தள்ளிச் சட்டென்று நிறுத்துகிறார்கள். நிறுத்துவதே எறிதலின் உயிர். கழிநுனி நின்றதும் அதனோடு இணைந்த கீழ்க்கயிறும் நின்றுவிடுகிறது. மேல்கயிறோ ஓடிக்கொண்டே இருப்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு வளையம் உருவாகி முன்னே உருண்டு செல்கிறது. உருள உருள, ஓடும் பகுதி குறைந்துகொண்டே வருகிறது. பெரிய நீளத்தில் பரவியிருந்த ஆற்றல் சிறிய நீளத்துக்குள் குவிவதால், காற்றின் தடையையும் மீறி நுனி விரைந்து பாய்கிறது.

மாட்டு வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சாட்டை தடித்த பிடியிலிருந்து மெலிந்த நுனிவரை இதே விதிப்படி வேகம் கூட்டி, கடைசியில் நுனி ஒலியின் வேகத்தையே தாண்டிவிடுகிறது. நாம் கேட்கும் 'பட்' என்ற ஓசை அந்தத் தாண்டலின் அதிர்ச்சி அலை. மாட்டின் முதுகில் சாட்டை படத் தேவையில்லை என்பது வண்டிக்காரருக்கும் மாட்டுக்கும் தெரிந்த விஷயம். ஈத்தூண்டில்காரருக்கு அந்த ஓசை வந்தால் தோல்வி; பின்வீச்சு நீளும் முன்பே அவசரப்பட்டுவிட்டார் என்று பொருள், சில நேரம் முள்ளே அறுந்து போயிருக்கும். அவருக்கு வேண்டியது, வேகம் கடைசி மூன்று நான்கு மீட்டரில் படிப்படியாகத் தளர்ந்து, நண்டு மெதுவாக இறங்குவது. அதற்காகவே கயிற்றின் முனையில் தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் நரம்பு ஒன்றைக் கட்டுகிறார்கள். அதைப் பெரும்பாலும் ஃபுளோரோகார்பனில் செய்வதற்கும் காரணம் உண்டு. அதன் ஒளிவிலகல் எண் 1.42; நைலானுக்குச் சுமார் 1.53, கடல்நீருக்கு 1.34. நீரின் எண்ணுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு குறைவாக ஒளி அதில் வளையும், அவ்வளவு குறைவாக அது கண்ணில் படும். அடர்த்தி கூடியதால் விரைவில் மூழ்கவும் செய்யும்.

நண்டை எங்கே போடுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன். தலைமேல் போட்டால் மீன் மிரளும். மிகத் தள்ளிப் போட்டால் கவனிக்காது. அது செல்லும் வழியில் ஓரிரு மீட்டர் முன்னே விழ வேண்டும். விழுந்தபின் நண்டு செய்வதையே இதுவும் செய்ய வேண்டும். எதிரியைக் கண்ட நண்டு கடலடிக்கு இறங்கி மணலில் புதைந்துகொள்ளுமே தவிர, எதிரியை நோக்கி நீந்தி வராது. பெர்மிட் இருக்கும் திசைக்கே நண்டை இழுத்து வந்தால், பூனையைத் தேடி வரும் எலியைக் கண்ட பூனை போல அது திகைத்து விலகிவிடும். டெல் பிரவுன் என்ற அமெரிக்கர் கம்பள நூலைக் குறுக்கே வரிசையாகக் கட்டித் தட்டையாக்கி, முன்னால் ஈயக் கண்கள் வைத்துச் செய்த நண்டு, மீனைக் கண்டதும் தலைகுப்புற அடிக்குச் செல்லும் இந்தப் பழக்கத்தை அப்படியே நடித்தது. அவர் தம் வாழ்நாளில் ஈத்தூண்டிலால் 500க்கும் மேற்பட்ட பெர்மிட்டுகளைப் பிடித்தார். ஒரு பெர்மிட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நிறைந்த விளையாட்டில் இது மலைக்க வைக்கும் எண்.

மீன் வாயில் எடுத்ததும் கழியைத் தூக்கினால் நண்டு மேலே எழும்பி வாயிலிருந்து நழுவிவிடும். ஆகவே கழியைத் தாழ்த்தியபடியே கையால் கயிற்றை நேராக இழுத்து முள்ளைப் பதிக்கிறார்கள். பெர்மிட்டின் உதடு ரப்பர் போன்று தடித்தது. நண்டின் ஓட்டை நொறுக்கும் வேலை உதட்டுக்கு இல்லை, தொண்டைக்குள் இருக்கும் எலும்புத் தட்டுகளுக்கு. ரோகுவின் தலையைக் குழம்புக்கு வெட்டியவர்கள் அதன் தொண்டையிலும் பற்கள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். வாய்க்குள் பல் இல்லாத கெண்டை இனமும் நண்டு தின்னும் பாறை இனமும் தனித்தனியே எட்டிய ஏற்பாடு இது.

பிடித்த மீனை இவர்களில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பெலீஸ் 2009இல் சட்டமே இயற்றி, பெர்மிட்டைத் தூண்டிலில் பிடித்தால் உயிரோடு விட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஃபுளோரிடாவில் கீ வெஸ்ட் அருகிலுள்ள வெஸ்டர்ன் டிரை ராக்ஸ் என்ற பாறைத்திட்டில் பெர்மிட்டுகள் கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடுவதால், 2021 முதல் ஏப்ரல் தொடங்கி ஜூலை முடிய அங்கே மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டுள்ளது.

பெர்மிட்டின் நெருங்கிய உறவு ஒன்று நம் கடலிலும் உண்டு. ட்ராக்கினோட்டஸ் ப்ளாக்கி என்பது அதன் அறிவியல் பெயர். பண்ணையாளர்கள் பொம்பனோ என்கிறார்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2011இல் இதைக் கட்டுப்பாட்டில் இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சு பொரிக்க வைத்தது. தர்மபுரியிலோ ஓசூரிலோ பனிக்கட்டிப் பெட்டியில் வந்திறங்கும் கடல் மீன்களுக்கு இடையே பொம்பனோ கண்ணில் பட்டால், கடைக்காரர் சுத்தம் செய்வதற்கு முன் அதைக் கையில் எடுத்து, மழுங்கிய மூக்கையும், மணலை நோக்கிக் கீழே இறங்கிய வாயையும், அரிவாள் போன்ற துடுப்பையும் பாருங்கள்.