ஓடைக்குள் எத்தனை நாள் வேலை?

கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் ஓடை ஒன்றின் குறுக்கே, தரைப்பாலத்தை எடுத்துவிட்டுச் சற்று உயர்த்திப் பாலம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய சாயல்குடி, திருப்பாலைக்குடி, தொண்டிப் பக்கங்களில் இத்தகைய ஓடைகள் ஏராளம். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் இவற்றில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மேலே ஒரு கண்மாய் உடைந்தால் சங்கிலியாக அடுத்த கண்மாய்களின் தண்ணீரும் சேர்ந்து வரும்.

வழக்கமான முறையில் ஒவ்வொரு வேலையும் முந்தைய வேலைக்காகக் காத்திருக்கிறது. அடித்தளம் இறுகினால்தான் சுவர் எழும்பும்; சுவர் எழும்பினால்தான் ஓடைக்குள் முட்டுக் கொடுத்து, ஈரக் காங்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையான சென்ட்ரிங் அடிக்க முடியும். 6 மீட்டர் இடைவெளிக்குத் தளம் போட்டால், கீழேயுள்ள முட்டுகளைக் குறைந்தது 14 நாள் எடுக்கக் கூடாது. காங்கிரீட்டின் முழு வலிமையைக் கணக்கிடுவதோ 28ஆம் நாளில். இவ்வளவு காலமும் போக்குவரத்துக்காக ஓடையிலேயே மண்ணைக் கொட்டி மாற்றுப்பாதை போட்டிருப்பார்கள். ஒரு நல்ல மழை அதையும் சென்ட்ரிங்கையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போய்விடும்.

விரைவுக் கட்டுமானம் என்பது காங்கிரீட்டை அவசரமாக இறுக வைப்பதல்ல. காத்திருக்கும் நாட்களை ஓடையிலிருந்து வார்ப்புக் களத்துக்கு மாற்றுவதே அது. ஓடையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே, களத்தில் இரும்பு அச்சுகளில் பாலத்தின் துண்டுகள் வார்க்கப்பட்டிருக்கும். இந்த உத்தியின் பலனைப் பாம்பன் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் பார்த்தது. தூண்களுக்கிடையே பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தும், ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் ரயில் பாலம் 46 நாளில் சீரானதற்குக் காரணங்களில் ஒன்று, கடலிலிருந்து மீட்ட கர்டர்களைத் தூக்கி மீண்டும் தூண்கள் மேல் வைக்க முடிந்தது. அங்கே அவை புதிதாகச் செய்ய வேண்டியவையாக இருந்திருந்தால் கதை வேறு.

சிறிய பாலத்துக்கு ஏற்ற துண்டு, நான்கு பக்கமும் மூடி, தண்ணீர் ஓட இரு முனையும் திறந்திருக்கும் பெட்டி. உள்ளே 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், சுவர் கனம் 25 சென்டிமீட்டர் என்றால், 1 மீட்டர் நீளத் துண்டில் 2.75 கன மீட்டர் காங்கிரீட் இருக்கும். எடை ஏறக்குறைய 7 டன். எட்டுத் துண்டுகளை வரிசையாக வைத்தால் 8 மீட்டர் அகலச் சாலைக்குக் கீழே தண்ணீர் போக ஒரு கண் தயார். துண்டை 1.5 மீட்டராக நீட்டினால் எடை 10 டன்னைத் தாண்டும். ஊருக்குள் கிடைக்கும் ஹைட்ரா கிரேன் அப்போது திணறும். 14 டன் கிரேன் என்பது கை மடங்கியிருக்கும்போது உள்ள கணக்கு. கையை நீட்ட நீட்டத் திறன் சரசரவென்று குறையும். ஆகவே துண்டின் நீளத்தைத் தீர்மானிப்பது பொறியாளரின் விருப்பத்தைவிட, ஓடைக்கரையில் கிரேன் எவ்வளவு அருகில் நிற்க முடியும் என்பதுதான். பெட்டியின் அடித்தளம் பாரத்தை அகலமாகப் பரப்புவதால், இங்குள்ள களிமண்ணிலும் ஆழமான அடித்தளம் இல்லாமல் சமாளித்துவிடலாம். ஆனால் கீழே போடும் மட்டக் காங்கிரீட் ஒரு விரற்கடை கோணினாலும் அடுத்தடுத்த துண்டுகள் வாய் பொருந்தாது.

அந்த வாய்தான் இந்தக் கரையில் கவலைக்குரிய இடம். உப்புக் காற்றிலும் உவர்த் தண்ணீரிலும் உள்ள குளோரைடு, காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊடுருவிக் கம்பியைத் தொட்டால், அதைக் காத்துவந்த மெல்லிய படலம் அழியும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேலுள்ள காங்கிரீட் உள்ளிருந்தே வெடித்துச் சட்டையாக உரியும். 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டார்கள். ஊராட்சிச் சாலைப் பாலத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. கம்பிக்கு மேல் காங்கிரீட் மூடலைத் தடிமனாக்குவதும், இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்டைப் பயன்படுத்துவதும் கைக்கு எட்டியவை.

இன்னொன்று தண்ணீர். கம்பி போட்ட காங்கிரீட்டில் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரவிதி. ஓடைக்கரையில் கலவை போடும்போது பக்கத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உவர் நீரை இறைத்துக்கொள்ளும் சபலம் எவருக்கும் வரும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? களத்தில் நல்ல தண்ணீரைத் தொட்டியில் தேக்கிப் பரிசோதித்துக் கலக்கலாம், அதிலேயே துண்டுகளை ஊறவும் வைக்கலாம். எனக்கு, மிச்சமாகும் நாட்களைவிட இந்த ஒன்றே, துண்டுகளைக் களத்தில் முன்கூட்டியே வார்க்கும் முன்வார்ப்பை நாடப் போதுமான காரணம். மாறாக, துண்டுகளின் இணைப்பில் சாந்து நிரப்பும் வேலை ஓடையிலேதான் நடக்கும். அங்கே கசிந்தால் களத்தில் பெற்ற நன்மையெல்லாம் போயிற்று.

பாலத்தை ஒரே நாளில் வைத்துவிட்டாலும், சாலை அதை வந்து சேரும் இரு முனைகளும் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. கொட்டிய மண் சரியாக இறுகாமல் அமுங்கினால் பேருந்து பாலத்தில் ஏறும்போது தூக்கிப் போடும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2005 முதல், செயற்கை வலைகளுக்கிடையே சரளையை அடுக்கடுக்காக இறுக்கி, அந்த மேட்டின் மேலேயே பாலத்தை உட்கார வைத்துக் காட்டினார்கள். பள்ளம் விழுவது அதனால் குறைகிறது. ஆனால் வெள்ளம் அடிமண்ணை அரிக்கும் ஓடையில் அந்த மேடே சரியக்கூடும் என்பதால், மறுகால் வேகமாக விழும் இடங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பெட்டியின் கீழ்ப்புறம் கல் பதித்து, பக்கச் சுவர்களுக்குப் பின்னால் 20 சென்டிமீட்டர் அடுக்காக மண்ணைக் கொட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து உருளை ஓட்ட வேண்டும். கிரேன் திரும்பிப் போன பிறகும் அந்த வேலைக்கு நாட்கள் பிடிக்கும்.