'போர்ட்' என்றால் துறைமுகம் மட்டும்தானா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் ஆங்கிலக் குறுக்கெழுத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, 'இடது'ன்னு குறிப்பு. நாலு கட்டம். முதல் எழுத்து பி."

"போர்ட்" என்றேன். அவள் நம்பவில்லை. "அது துறைமுகமில்ல?"

துறைமுகம்தான், இடதும்தான். அந்தக் காலத்து ஐரோப்பியக் கப்பல்களில் திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. அது கரையில் மோதக்கூடாது என்று இடப்பக்கத்தைத் துறையை ஒட்டி நிறுத்துவார்கள். இடப்பக்கத்துக்கு முன்பு 'லார்போர்டு' என்று பெயர். வலப்பக்கத்துக்கு 'ஸ்டார்போர்டு'. காற்றிலும் கூச்சலிலும் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டதால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை இடப்பக்கத்தை 'போர்ட்' என்றே சொல்ல ஆணையிட்டது. இன்றும் இரவில் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலம் பச்சை. தமிழில் இதற்கு இடப்புறம் என்றால் போதும்.

'இனிப்பான திராட்சை மது' என்று குறிப்பு வந்தாலும் விடை இதுவே. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்து வழியாக ஏற்றுமதியானதால் வந்த பெயர். போர்ட்டோ என்றாலே துறைமுகம். நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையை வெள்ளைக்காரர்கள் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத் துறைமுகம், என்று எழுதியதும் இதே சொல்லால்தான். அதே ஊருக்கு மஹ்மூத் பந்தர் என்றும் பெயர் உண்டு. பாரசீகத்தில் பந்தர் என்றாலும் துறைமுகம்.

சரி, வேருக்கு வருவோம். லத்தீனில் 'போர்ட்டுஸ்' துறைமுகம், 'போர்ட்டா' வாசல், 'போர்ட்டாரே' சுமப்பது. கப்பலின் வட்டச் சன்னலான 'போர்ட்ஹோல்' வாசலிலிருந்து வந்தது. 'எக்ஸ்போர்ட்', 'போர்ட்டபிள்' இரண்டும் சுமப்பதிலிருந்து வந்தவை.

எனக்கு இதில் பிடித்தது நம் துறைமுகம் என்ற சொல். துறை என்பது நீரில் இறங்கும் இடம். முகம் என்பது வாய், நுழையும் வழி. கடலூர் முதுநகரில் நின்று பாருங்கள்: முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால், கண்ணெதிரே கரை இருந்தும் அலை பார்த்துக் காத்திருந்துதான் படகு உள்ளே வரும். அந்த வாய் இல்லாவிட்டால் துறை இருந்தும் பயனில்லை. லத்தீன்காரர்கள் துறைக்கும் வாசலுக்கும் தனித்தனிச் சொல் வைத்தார்கள். நாம் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டோம்.

துறையும் சும்மா கரையிலேயே நிற்கவில்லை. குளிக்கும் துறை, வண்ணான் துறை, அப்புறம் கல்வித்துறை, காவல்துறை. ஒன்றை முழுக்கக் கற்றுத் தேர்ந்தவரைத் 'துறைபோகியவர்' என்பது பழந்தமிழ். அதனால்தான் கணினியில் வயர் சொருகும் 'போர்ட்'டைத் துறைமுகம் என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அங்கே கப்பல் வருவதில்லை. துறை என்றாலே அழகாகப் பொருந்தும், பேச்சில் சொருகுவாய் என்றாலும் யாருக்கும் புரியும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் அடுத்த குறிப்பைப் படித்தாள்: "'சுமை தூக்குபவர்', ஆறு கட்டம்." நான் வாயைத் திறப்பதற்குள் 'போர்ட்டர்' என்று எழுதிவிட்டு, "வாசல்ல காவலுக்கு நிக்கிறவரையும் இப்படித்தானே மாமா சொல்லுவாங்க? அவர் போர்ட்டாவுல இருந்து வந்தவரா?" என்று கேட்டாள்.

ஆமாம். ஒரே எழுத்து, இரண்டு வேர்.