ஒன்று எப்படி ஆறாகும்?

"எங்கள் கூட்டத்தில் ஒருவன் வாயைத் திறந்தாலே கடி ஜோக்தான். கேட்டதும் 'ஐயோ, போதும்டா' என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். ஆனால் சிரிப்பும் வந்துவிடுகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் வரும்?" என்று பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். கூடவே அந்த நண்பனின் சரக்கு ஒன்றையும் அனுப்பியிருக்கிறார்:

"ஒகேனக்கல்ல எத்தனை காவிரிடா ஓடுது?"

"ஒன்னுதான்."

"அப்புறம் ஏன் அதை ஆறுன்னு சொல்றாங்க?"

சிரிப்பைப் பற்றிய பொது விளக்கம் பலருக்கும் தெரிந்ததுதான். மனம் ஒன்றை எதிர்பார்க்கிறது, வேறொன்று வருகிறது, அந்த முரண் சட்டென்று பொருந்திப்போகும்போது சிரிக்கிறோம். 1972-ல் ஜெரி சல்ஸ் என்ற உளவியலாளர் இதை முரண், விடுவிப்பு என்று இரண்டு படிகளாக வகுத்துச் சொன்னார். விடுகதைக்கும் கார்ட்டூனுக்கும்கூட இது பொருந்தும். ஆனால் கடி ஜோக்கின் தனிச் சுவை அதற்கும் முன்னால், ஒரு சொல் காதில் விழுந்த முதல் அரை நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. மொழி அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'ஆறு' என்றால் நதி. ஓர் எண்ணும்கூட. சூடு தணிவதும் ஆறுவதுதான். "ஆத்தோரம் போகலாம், ஆறு நல்லா ஓடுது" என்று யாராவது சொன்னால் நமக்கு நதி மட்டும்தான் தெரிகிறது. மற்ற இரண்டும் நினைவுக்கே வருவதில்லை. சூழலுக்குப் பொருந்தும் பொருளை மட்டும் மூளை எடுத்துக்கொள்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அப்படியில்லை என்று 1979-ல் டேவிட் ஸ்வின்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் அழகான சோதனையில் காட்டினார். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒளித்துவைத்து ஒட்டுக்கேட்கும் கருவிக்கும் அதே பெயர்தான். அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல 'பக்' இருந்ததாக ஒரு வாக்கியத்தைக் காதில் ஒலிக்கவிட்டார். சிலந்தியும் கரப்பானும் வந்துவிட்டதால் சந்தேகத்துக்கே இடமில்லை, பூச்சிதான். 'பக்' என்ற சொல் முடியும் அதே நொடியில் திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் குவியலா என்று கேட்பவர் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். மனத்தில் ஏற்கெனவே விழித்திருக்கும் பொருளோடு தொடர்புள்ள சொல் என்றால் விரல் சீக்கிரம் நகரும்.

'எறும்பு' என்று வந்தபோது விரைவாக அழுத்தினார்கள். அது எதிர்பார்த்ததுதான். 'ஒற்றன்' என்று வந்தபோதும் அதே விரைவு! தொடர்பே இல்லாத 'தையல்' போன்ற சொல்லுக்குத்தான் தாமதம். அதாவது பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, கேட்பவருக்குத் தெரியாமல், ஒட்டுக்கேட்கும் கருவியும் மனத்தில் எழுந்து நின்றிருக்கிறது. மூன்று அசை தள்ளி அதே சோதனையைச் செய்தால் எறும்புக்கு மட்டும்தான் விரைவு. ஒற்றன் அடங்கிவிட்டான்.

கல்யாண வீட்டில் "மணி!" என்று கூப்பிட்டால் அங்கிருக்கும் மணிகள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்போது இதுதான் நடக்கிறது. (அடிக்கடி புழங்கும் பொருள் சற்று முந்திக்கொள்ளும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் சேர்த்துச் சொல்கின்றன.) நாள் முழுக்க நடந்தாலும் ஒருமுறைகூட நாம் அதைப் பார்ப்பதில்லை.

பார்க்க வைப்பது கடி ஜோக். திரும்பிப் போகவிருந்த மணியின் தோளைத் தொட்டு, "உன்னையும்தான் கூப்பிட்டேன்" என்கிறது அது. பாலக்கோட்டு நண்பரின் வேலைப்பாட்டைக் கவனியுங்கள். "எத்தனை" என்று கேட்டு, "ஒன்னுதான்" என்று உங்கள் வாயாலேயே ஓர் எண்ணைச் சொல்ல வைத்துவிட்டார். அடுத்து 'ஆறு' வருகிறது. பேச்சு காவிரியைப் பற்றியது, ஆகவே நதி முன்னால் வருகிறது. ஆனால் நீங்களே விதைத்த 'ஒன்று' எண்ணையும் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. ஜோக்கில் பாதியைக் கேட்பவரே செய்து தருகிறார். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இன்னொரு வகை, சொல்லைப் பிரிப்பது. பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எங்கே வெட்டுவது என்று மூளைதான் முடிவு செய்கிறது. "தருமபுரி டவுன் பஸ்ஸுக்கு வெளியே ஒரு பலகை, உள்ளே பல கை." பலகையில் ககரம் மெலிந்து ஒலிக்கும், பல கையில் வலிந்து ஒலிக்கும். இருந்தாலும் காது அதை மன்னித்துவிடுகிறது. நம் இலக்கணத்தில் இதற்குப் பிரிமொழிச் சிலேடை என்று பெயரே உண்டு. புலவர் செய்தால் அணி, பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் செய்தால் மொக்கை என்று தரம் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. இரண்டிலும் மூளை செய்யும் வேலை ஒன்றுதான்.

சரி, தலையில் அடித்துக்கொள்வது ஏன்? 2001-ல் வினோத் கோயல், ரேமண்ட் டோலன் இருவரும் ஜோக் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பொருளை நம்பிய ஜோக்குகளுக்கு மூளையில் இரண்டு பக்கமும் காதை ஒட்டி இருக்கும் நெற்றிப்பொட்டு மடல்கள் வேலை செய்தன. ஒலியை நம்பிய சிலேடைகளுக்கு இடது மூளையில் பேச்சொலியைக் கையாளும் பகுதிகள். எந்த வகையாக இருந்தாலும், சிரிப்பாக உணர்ந்தபோது முன்மூளையின் உட்பக்கம் கீழே இருக்கும் ஒரே பகுதி கிளர்ந்தது. என் கணிப்பு இது: கடி ஜோக்கில் முரண் விடுபடுவது ஒலியில் மட்டும்தான். காவிரிக்கும் எண்ணுக்கும் உலகத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. 'பிடித்துவிட்டேன்' என்ற மகிழ்ச்சியும் 'இதில் ஒன்றுமே இல்லையே' என்ற ஏமாற்றமும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

கூட்டமும் முக்கியம். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது நாம் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று கண்டார். "போதும்டா" என்று கத்த நான்கு பேர் இல்லாவிட்டால் அந்த நண்பனுக்கும் சொல்லத் தோன்றாது.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போனால் இந்த விளையாட்டு இன்னும் செழிப்பு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர்கள். மாங்காய் மண்டியில் தெலுங்கு பேசும் தாத்தா பேரனிடம் "அம்மு, அம்மு" என்கிறார். 'வித்துடு' என்று பொருள். பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பையன், "தாத்தா இவ்ளோ நேரமா கூப்பிடறாரு, அந்த அம்மு வரவே இல்லையே!" இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே விழித்திருக்கும். 1999-ல் மைக்கேல் ஸ்பைவியும் வியோரிகா மரியனும் ரஷ்யனும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ரஷ்யனில் 'மார்க்கா' என்றால் தபால்தலை. அதை எடுக்கச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த மார்க்கர் பேனாவுக்கும் கண் ஓடியது.

இத்தகைய சோதனைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும்தான் நடந்திருக்கிறது. எனக்கு இது பெரிய குறை. கண் அசைவைப் பதிவு செய்யும் கருவி, மூளை ஸ்கேனரோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவு. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கல்லூரிகளுக்கு ஆளுக்கொன்று வாங்கித் தரலாம். மூன்று மொழிகளோடு வளர்ந்த பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் மட்டும் கேட்கக்கூடிய கேள்விகளும் இருக்கின்றன. நதி என்றால் 'ஆற்றில்', எண் என்றால் 'ஆறில்'. உருபு ஏறியதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பேச்சில் இன்னும் தெளிவு: 'ஆத்துல', 'ஆறுல'. அப்படியானால் "ஆத்துல தண்ணி வருது" என்று கேட்பவருக்கு, 'ஆ' காதில் விழும்போது எண்ணும் எழுந்து நிற்கிறதா? 'த்' வந்ததும் உட்கார்ந்துவிடுகிறதா? 'பக்' சோதனையை எத்தனை முறை நடத்தினாலும் இதற்கு விடை கிடைக்காது. பென்னாகரத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே பருவத்தில் கிடைத்துவிடும்.