"ஒரு கிழங்கு விடாமல் தோண்டிவிட்டேனே!" – ஜெருசலேம் ஆர்டிசோக் நடப்போகிறவர்களுக்கு

கேரட் விதைத்த பாத்தியில் ஆளுயரத்துக்குச் சூரியகாந்தி மாதிரி ஏதோ எழுந்து நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள் குறைவதாக இல்லை. போன பருவத்தில் அங்கே என்ன இருந்தது என்று திருப்பிக் கேட்டால் ஜெருசலேம் ஆர்டிசோக் என்பார்கள்; கிழங்குக்காக வளர்க்கிற, சூரியகாந்தி இனச் செடி அது. அடுத்த வாக்கியமும் தெரிந்ததுதான்: "ஒரு கிழங்கு விடாமல் தோண்டிவிட்டேனே!"

இல்லை, தோண்டவில்லை. யாராலும் முடியாது. இது உருளைக்கிழங்கு போல ஓரிரு கொத்தில் தீர்ந்துபோகிற பயிர் அல்ல. தண்டின் அடியிலிருந்து வெள்ளை நிறத்தில் நிலத்தடித் தண்டுகள் பக்கவாட்டில் ஓடி, அவற்றின் நுனியில்தான் கிழங்கு கட்டும். சில வகைகளில் அவை செடியை ஒட்டியே கொத்தாக இருக்கும். சிலவற்றில் அரை மீட்டரும் தள்ளிப் போய்விடும். கைக்கு அகப்படாத சுண்டுவிரல் நுனியளவு துண்டில் ஒரு மொட்டு இருந்தால் போதும், அடுத்த பருவத்தில் அது முழுச்செடி. மேல்மண் உறைந்தாலும் கிழங்கு சாவதில்லை. இந்த லட்சணத்தில் சிலர் பவர் டில்லரை வேறு ஓட்டுகிறார்கள். தப்பிய கிழங்கைப் பத்தாக நறுக்கிப் பாத்தி முழுக்கப் பரப்பி நடும் வேலை அது. தயவுசெய்து வேண்டாம்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது இடம்தான். காய்கறிப் பாத்திகளின் நடுவே வேண்டாம்; ஓரத்தில், பல ஆண்டுகளுக்கு இதற்கென்றே விட்டுவிடக்கூடிய மூலையாகப் பாருங்கள். செடி இரண்டு, மூன்று மீட்டர் வளரும் என்பதால் நிழல் எங்கே விழும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடமில்லையென்றால் 40 லிட்டருக்குக் குறையாத, அடியில் துளையுள்ள தொட்டியில் ஒரு கிழங்கு. தொட்டியை மண்மீது நேரடியாக வைக்காதீர்கள். நிலத்தடித் தண்டு துளை வழியாக இறங்கிவிடும்.

நடவு எளிது. குளிர் விட்டு மண் இளகியதும் 50 கிராம் அளவுள்ள, இரண்டு மூன்று மொட்டுள்ள துண்டுகளை 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில், செடிக்குச் செடி 40 செ.மீ., வரிசைக்கு வரிசை 90 செ.மீ. விட்டு நடுங்கள். முண்டும் முடிச்சும் குறைந்த கிழங்காகத் தேர்ந்தெடுத்தால் பின்னால் தோல் சீவுகிறவர் உங்களை வாழ்த்துவார். ஒரு குடும்பத்துக்கு நான்கைந்து செடியே அதிகம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும்.

வெட்டிய துண்டுகளை உருளைக்கிழங்கைப் போல நிழலில் காயவைத்து நடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதன் தோல் மிக மெல்லியது, ஈரத்தைப் பிடித்துவைக்காது. நாலு நாளில் வதங்கிச் சுருங்கிவிடும். வெட்டிய கையோடு நட்டுவிடுங்கள். தள்ளிப்போட வேண்டுமென்றால் முழுக்கிழங்காகவே ஈர மணலில் புதைத்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். விதை வாங்கவும் வேண்டாம். தன் மகரந்தத்தால் தானே காய்க்காத செடி இது; கிடைக்கும் சொற்ப விதையும் தாய்ச்செடியின் குணத்தோடு வராது.

முழங்கால் உயரம் வந்ததும் அடியில் மண் அணையுங்கள். காற்று அடிக்கிற இடமென்றால் கோடையின் நடுவில் ஒன்றரை மீட்டருக்குத் தலையைக் கிள்ளிவிடலாம். தண்டின் அடியில் வெள்ளைப் பூசணம் பஞ்சுபோல் படர்ந்தால் அது தண்டழுகல். அந்தச் செடியைக் கிழங்கோடு அகற்றுங்கள், அதிலிருந்து நடவுக்கு எடுக்காதீர்கள்.

இலை கருகித் தண்டு காய்ந்த பிறகு அறுவடை. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. மண்ணைவிட நல்ல கிடங்கு இதற்குக் கிடையாது. சமைக்க வேண்டிய அளவு மட்டும் அவ்வப்போது தோண்டுங்கள். முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து நம் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலில் புளித்து வாயுவாகும். விருந்தாளிகளுக்கு ஒரு தட்டு நிறைய வைத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

ஏற்கெனவே பரவிவிட்டதா? முளைகள் 30 முதல் 45 செ.மீ. வரும்வரை விடுங்கள். அப்போது பழைய கிழங்கின் சேமிப்பு தீர்ந்திருக்கும், புதுக்கிழங்கு கட்டியிருக்காது. மண் ஈரமாக இருக்கும்போது அடியோடு பிடுங்குங்கள். மறுபடி தலைகாட்டுவதையும் அதே உயரத்தில் பிடுங்குங்கள். இரண்டு பருவமாவது பிடிக்கும். கிழங்குத் துண்டுகளை உரக்குழியில் போடாதீர்கள். வேகவைத்த பிறகு போடுங்கள்.