பெட்டிக்குள் பட்டாணி, கைக்குள் ராசி

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகள் சர்ஜரி பி.ஜி. முதல் வருஷம். லீவுக்கு வந்தவள் அட்டைப்பெட்டியில் இரண்டு துளை போட்டு, நீளமான கருவிகளை உள்ளே விட்டு, பெட்டிமேல் வைத்த செல்போன் கேமராவில் பார்த்தபடி, பட்டாணியை ஒரு மூடியிலிருந்து இன்னொரு மூடிக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறாளாம். “டாக்டர் பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு?” என்று கேட்கிறார்.

விளையாட்டில்லை அம்மா. லேப்ராஸ்கோப்பி தெரியும்தானே? வயிற்றில் சின்னத் துளைகள், ஒன்றில் கேமரா, மற்றவற்றில் அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள கருவிகள். டாக்டர் மானிட்டரைப் பார்த்தே வேலை செய்கிறார். சிக்கல் அந்தத் துளையில்தான் இருக்கிறது.

துளை ஒரு நெம்புகோலின் தாங்குபுள்ளி. கையை இடப்பக்கம் நகர்த்தினால் முனை வலப்பக்கம் போகும். கையைத் தூக்கினால் முனை தாழும். சரி, எல்லாமே தலைகீழ் என்று பழகிக்கொள்ளலாமே? முடியாது. உள்ளே தள்ளினால் உள்ளேதான் போகும், திருகினால் அதே பக்கம்தான் திரும்பும். பாதி அசைவு தலைகீழ், பாதி நேர். இதைவிட அழகான இன்னொன்று உண்டு. கருவி வெளியே 20 செ.மீ., உள்ளே 10 செ.மீ. இருக்கும்போது கை 2 செ.மீ. நகர்ந்தால் முனை 1 செ.மீ. நகரும். அதே கருவியை இன்னும் 10 செ.மீ. உள்ளே தள்ளுங்கள், வெளியே 10, உள்ளே 20 ஆகிவிடும், அதே கையசைவுக்கு முனை 4 செ.மீ. ஓடும்! ஆழம் மாற மாறக் கணக்கும் மாறுகிறது. யோசித்துச் செய்ய நேரமில்லை, கைக்கே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் பீடி சுற்றும் அக்காக்களைப் பாருங்கள். கண் சீரியலில் இருக்கும், விரல் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். மூளை அந்த வேலையை விரலிடம் விட்டுவிட்டது. மகள் தேடுவதும் அதைத்தான்.

மூளையால் இது முடியும் என்பதற்கு வேலூரிலேயே சாட்சி உண்டு. 1940-களின் இறுதியில் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்கு வேறு தசையின் நாணை (தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்றது) மாற்றிக் கட்டினார். அப்புறம் அந்த நோயாளிகள் பழைய தசையைப் புது வேலைக்குப் பழக்கிக் கையை மீட்டார்கள்.

பயிற்சியின் பலனையும் அளந்திருக்கிறார்கள். 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி டாக்டர்களில் பாதிப் பேருக்கு மட்டும் கணினி சிமுலேட்டரில், அதாவது திரையிலேயே ஆபரேஷனைச் செய்துபார்க்கும் கருவியில், பயிற்சி கொடுத்து, பிறகு எல்லோரையும் பித்தப்பை ஆபரேஷன் செய்ய வைத்தார்கள். பயின்றவர்கள் 29 சதவீதம் வேகமாகப் பித்தப்பையைப் பிரித்தெடுத்தார்கள். பயிலாதவர்களிடம் பித்தப்பை காயப்படுவதும் பக்கத்துத் திசு சுடப்படுவதும் ஐந்து மடங்கு அதிகம்.

நம் பக்கத்தில் ‘கைராசி டாக்டர்’ என்போம், நாள் நட்சத்திரம் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி கேட்போம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ராசி இப்படி ராத்திரி ராத்திரியாகப் பட்டாணி பொறுக்கித்தான் வருகிறது. விலை உயர்ந்த சிமுலேட்டர் வரட்டும். அதற்கு முன் வேலூரானாலும் திருவண்ணாமலையானாலும் அரசுக் கல்லூரியில் சர்ஜரி படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியும் ஒரு ஜோடி கருவியும் கொடுக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஏழை நோயாளியின் வயிறு யாருக்கும் முதல் பாடமாகக் கூடாது.

இன்று ராத்திரி மகள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு பட்டாணி எடுத்துப் பாருங்கள் அம்மா. எனக்கு முதல் பட்டாணிக்கு நாலு நிமிஷம் ஆனது.