சருகால் கூடு கட்டும் ராஜநாகம்

பெரும்பாலான பாம்புகள் பொந்திலோ மண்ணிடுக்கிலோ முட்டையிட்டுவிட்டுத் தம் வழியே போய்விடும். மலைப்பாம்பு கொஞ்சம் பொறுப்பானது, முட்டைகளைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும். ஆனால் தானே சருகைச் சேர்த்துக் கூடு கட்டும் பாம்பு ராஜநாகம்தான். கையும் இல்லை, அலகும் இல்லை, எப்படிக் கட்டுகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் இதற்கான காலம் கோடையின் கடைசி. பெண் பாம்பு, சருகு நிறைய உதிர்ந்து கிடக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். மூங்கில் புதர் இருந்தால் இன்னும் வசதி. உடலை வளைத்துச் சருகை அணைத்து, அந்த வளைவோடு சேர்த்து இழுத்து வந்து குவிக்கும். குவியலுக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றி வந்து அமுக்கி, நடுவில் ஓர் அறை அமைக்கும். அதில் 20 முதல் 40 முட்டை வரை இட்டு, மேலே மறுபடி சருகைப் போட்டு மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ பெருக்கிக் குவித்த குப்பை மாதிரிதான் இருக்கும்.

அப்புறம்தான் பருவமழை. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சருகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திப் படிந்திருப்பதால், மேல் அடுக்கு நனைந்து தண்ணீரை ஓரமாக வடித்துவிடும். முட்டை இருக்கும் இடம் பெரிதாக நனையாது. மலைப்பாம்பில் சில இனங்கள் தசையை நடுங்கவைத்துச் சூடு உண்டாக்கும். ராஜநாகத்துக்கு அந்த வித்தை தெரியாது. மக்கும் சருகே கொஞ்சம் வெப்பம் தருகிறது, வெளியே வெயிலும் குளிரும் மாறினாலும் உள்ளே சுமார் 28 டிகிரியில் நிலைத்திருக்கும்.

தாய், கூட்டின் மேலேயோ பக்கத்திலேயோ காவல் கிடக்கும். முட்டை பொரிய இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். அவ்வளவு நாளும் அது இரை தேடிப் போவது அரிது. பொரியும் நேரம் நெருங்கும்போது பெரும்பாலும் கிளம்பிவிடுகிறது. ஏன்? ராஜநாகத்தின் முக்கிய உணவே பாம்புதான். சாரை, நல்லபாம்பு, குழிவிரியன், சில சமயம் இன்னொரு ராஜநாகமும்கூட. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த பாம்பின் முன்னால் இரண்டு டஜன் குட்டிப் பாம்புகள் நெளிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆராய்ச்சியாளர்கள் பலரும் தரும் விளக்கம் இதுதான். எனக்கும் பொருத்தமாகவே படுகிறது.

குட்டிகள் கறுப்பு உடலில் வெளிர் பட்டைகளோடு, ஒன்றரை அடி நீளத்தில் வெளிவரும். முதல் நாளிலிருந்தே விஷம் உண்டு. வளர்ந்தால் 10 முதல் 13 அடி சாதாரணம். 1937-ல் மலாயாவில் பிடிபட்டு லண்டன் மிருகக்காட்சி சாலையில் வளர்ந்த ஒன்று 18 அடியைத் தாண்டியது.

பெயரில் நாகம் இருந்தாலும் இது நல்லபாம்பின் இனம் அல்ல, தனிப் பேரினம். படம் குறுகலாக நீண்டிருக்கும், அதில் கண்ணாடிக் குறி இருக்காது. 2024-ல் இதையே நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது அதில் ஒன்று.

விஷம் துளிக்குத் துளி பார்த்தால் கட்டுவிரியனுடையதைவிட வீரியம் குறைவு. ஆனால் ஒரே கடியில் உடலுக்குள் செலுத்தும் அளவு மிக அதிகம், மூச்சுவிடும் தசைகள் செயலிழந்துபோகும். மனிதரைக் கடிப்பது அபூர்வம்தான். சீறி, படமெடுத்து, வழி கிடைத்தால் விலகிப் போய்விடும். கடித்துவிட்டால் சிக்கல். இந்தியாவில் வழக்கமாகக் கிடைக்கும் முறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. ராஜநாகத்துக்கான மருந்தைத் தாய்லாந்தில் தயாரிக்கிறார்கள். அது கையில் இல்லாத மருத்துவமனையில், விஷம் இறங்கும்வரை செயற்கை சுவாசக் கருவியில் வைத்து உயிரைப் பிடித்து நிறுத்துவதே முக்கியச் சிகிச்சை.